சத்திரக்காரன்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் கிறிஸ்மஸ் நாடகம் போட்டார்கள். அண்ணன்தான் சூசையப்பர். பதினான்கு வயதிலேயே மீசை அரும்பியிருந்ததால் உபதேசியார் அவனைப் பிடித்துப் போட்டார். நான் சத்திரக்காரன். எனக்கு ஒரே ஒரு வசனம். சூசையப்பர் வந்து கதவைத் தட்டுவார். நான் தலையை மட்டும் நீட்டி, "இங்க இடமில்ல, போங்க!" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். கதவு, கடையில் வாங்கிவந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டியது. நான் சாத்திய வேகத்தில் அது பிய்ந்து அண்ணன் காலடியில் விழுந்தது. கோயிலே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்டார். "ஏன்டா, புள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறான் உங்க அண்ணன். கொஞ்சம் மெதுவா சொன்னா என்னா?"

இருபது வருடம் கழித்து, அண்ணனோடு போட்ட ஒரு சண்டைக்காக லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை வரி வரியாகப் படித்தேன். மரியாளும் சூசையும் பெத்லகேமுக்குப் போகிறார்கள். அங்கே இருக்கும்போது பிரசவ நாள் வருகிறது. குழந்தையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்துகிறார்கள், ஏனென்றால் வேறு இடமில்லை. அவ்வளவுதான். யாரும் கதவைத் தட்டவில்லை. யாரும் கதவைச் சாத்தவில்லை. சத்திரக்காரன் என்று ஓர் ஆளே அங்கு இல்லை.

என் பாத்திரத்தை யாரோ பிற்பாடு எழுதிச் சேர்த்திருக்கிறார்கள்.

*

பாட்டியின் குடிலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சண்டை அதில்தான் தொடங்கியது.

டிசம்பர் முதல் வாரமே பாட்டி வேலையை ஆரம்பித்துவிடுவார். மூங்கில் குச்சிகளை நட்டு, லாலாங் புல்லை அறுத்துக் காயவைத்துக் கூரை வேய்வார். பால் டின்களில் பச்சைப்பயறு போட்டு முளைக்க வைப்பார். அது சரியாக இருபத்துநான்காம் தேதி விரல் உயரம் வளர்ந்து, குடிலுக்கு வயல்வெளி ஆகிவிடும். சொரூபங்கள் தோட்டத்தில் இருந்தபோதே வாங்கியவை. சூசையப்பருக்கு ஒரு கை இல்லை. ஆட்டுக்குட்டிகளில் ஒன்று உண்மையில் நாய். மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் புலி உட்கார்ந்திருக்கும். அண்ணன் ஆறு வயதில் பசார் மாலாமில் அழுது வாங்கிய புலி அது. அவனே கொண்டுபோய் அங்கே வைத்தான். "புலி எதுக்குய்யா?" என்று ஃபாதர் கேட்டதற்கு, "நம்ம தோட்டத்துல புலி இருந்துச்சில்ல ஃபாதர்" என்று பாட்டி பதில் சொன்னாராம்.

மூன்று ராஜாக்களை மட்டும் பாட்டி குடிலில் வைக்க மாட்டார். கிறிஸ்மஸ் இரவன்று அவர்கள் டிவி மேல் இருப்பார்கள். அடுத்த நாள் டிவி மேசையின் ஓரத்துக்கு வருவார்கள். பிறகு ஜன்னல் திட்டு, பிறகு முக்காலி என்று தினமும் கொஞ்சம் நகர்ந்து, ஜனவரி ஆறாம் தேதிதான் குடிலுக்கு வந்து சேருவார்கள். "அவங்க தூரத்துலேர்ந்து வர்றாங்க. ஒடனே வந்துட முடியுமா?" என்பார்.

தோட்டத்தை செம்பனைக்கு மாற்றியபோது நாங்கள் சுங்கைப்பட்டாணியில் ஒரு தாமான் வீட்டுக்குக் குடிவந்தோம். அண்ணன் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டான். படிப்பு வராததால் இல்லை. அப்பாவுக்கு அந்த வருடம் வேலையில்லை. அண்ணன் தொழிற்சாலைக்குப் போனான். நான் படித்தேன். என் ஆறாம் படிவக் கட்டணமும் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் நாள் பஸ் டிக்கெட்டும் அவன் ஓவர்டைம் பணம்.

வேலைக்குப் போனவன் குடிக்கவும் ஆரம்பித்தான். கல்யாணம் ஆகியும் நிற்கவில்லை. அண்ணி இரண்டு முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனார். அப்புறம் கூட வேலை செய்த ஒருவர் அவனைக் கடைவீட்டு மாடியில் நடந்த ஒரு சிறிய சபைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முப்பது பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு. அங்கே போன நான்கு மாதத்தில் அவன் குடியை விட்டான். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டான் என்பதைத்தான் பேசினோம்.

2011 டிசம்பரில் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தவன் குடிலுக்கு முன்னால் நின்றான். அவன் குரலை உயர்த்தவில்லை என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"பாட்டி, இது பைபிள்ல இல்ல. செல வச்சிக் கும்புடக் கூடாதுன்னுதான் இருக்கு. இது இருக்கற எடத்துக்கு எம்புள்ளயக் கூட்டிக்கிட்டு வர எனக்கு மனசு வரல."

"அப்ப வராத" என்றார் அப்பா.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிறிஸ்மஸுக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்த கிறிஸ்மஸுக்கும் வரவில்லை.

*

2014இல் குடும்ப வாட்சாப் குழுவில் அண்ணன் ஒரு நீண்ட செய்தி போட்டான். அவனுடைய தமிழ். எழுத்துப்பிழைகளோடு, மூச்சுவிடாமல். இயேசு எந்தத் தேதியில் பிறந்தார் என்று பைபிள் சொல்லவில்லை. மேய்ப்பர்கள் ராத்திரி வயல்வெளியில் தங்கியிருந்தார்கள் என்றால் அது குளிர்காலமாக இருக்க முடியாது. டிசம்பர் 25 ரோமர்களின் சூரியதேவனுடைய நாள். காட்டில் மரத்தை வெட்டி வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிப்பதை எரேமியா பத்தாம் அதிகாரம் கண்டிக்கிறது. பைபிளில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும்தான், இரண்டு விருந்திலும் ஓர் உயிர் போனது. இயேசு தன் மரணத்தை நினைவுகூரச் சொன்னாரே தவிர பிறப்பை அல்ல.

நான் அப்போது கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பதில் தயாரித்தேன். இன்று நிதானமாக யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் பாதி சரி, கால்வாசி அரைகுறை, கால்வாசி தவறு. என் பதிலின் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

தேதியை எடுத்துக்கொள்வோம். பைபிளில் தேதி இல்லை என்பது மறுக்க முடியாத உண்மை. மாற்கும் யோவானும் பிறப்புக் கதையையே சொல்லவில்லை. கிட்டத்தட்ட 200ஆம் ஆண்டில் எழுதிய அலெக்சாந்திரியா கிளெமெந்து, சிலர் மே மாதத்தில் வரும் ஒரு நாளைச் சொல்வதாகக் குறிப்பிடுகிறார். டிசம்பர் 25 நமக்குக் கிடைக்கும் முதல் ஆதாரம், ரோமில் 354இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி. அதே தொகுப்பில் அதே தேதியில் 'வெல்லப்படாதவனின் பிறந்தநாள்' என்றும் இருக்கிறது. அது சூரியதேவன் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். ஆனால் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. மரியாள் கருவுற்றது மார்ச் 25 என்று வைத்து, அதிலிருந்து ஒன்பது மாதத்தைக் கூட்டி வந்த கணக்கு என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஆர்மீனிய திருச்சபை இன்றும் ஜனவரி 6இல்தான் கொண்டாடுகிறது.

எரேமியா விஷயத்தில் அண்ணன் தவறு. அந்த அதிகாரத்தை முழுதாகப் படித்தால் தச்சன் மரத்தை வெட்டிச் சிலை செதுக்குவதையும், அதற்கு வெள்ளியும் பொன்னும் பூசுவதையும், ஆடாமல் இருக்க ஆணி அடிப்பதையும்தான் தீர்க்கதரிசி கிண்டல் செய்கிறார். கிறிஸ்மஸ் மரம் ஜெர்மானிய நிலப்பகுதிகளில் 16ஆம் நூற்றாண்டில் பரவிய பழக்கம். எரேமியா அதற்கு இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்தியவர்.

ஆனால் அண்ணனின் கோபம் புதிதல்ல என்பதும் அந்தத் தேடலில்தான் தெரிந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்சில் குடியேறிய பியூரிட்டன்கள் 1659இல் கிறிஸ்மஸ் கொண்டாடுவதையே தடை செய்தார்கள். வேலைக்குப் போகாமல் இருந்தாலோ விருந்து வைத்தாலோ ஐந்து ஷில்லிங் அபராதம். அந்தச் சட்டம் 1681வரை இருந்தது. அவர்களும் பைபிளில் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆக, சுங்கைப்பட்டாணியில் ஷிப்டு வேலை பார்க்கும் என் அண்ணனுக்குப் பின்னால் முந்நூற்றைம்பது வருட மரபு ஒன்று நின்றுகொண்டிருந்தது. எனக்கு அது அப்போது தெரிந்திருந்தும் என் பதிலில் நான் அதை எழுதவில்லை. அவனுக்குச் சாதகமான எதையும் எழுதவில்லை.

எழுதியதற்குக் கடைசியில், பதினேழு பேர் இருந்த குழுவில், இப்படி முடித்திருந்தேன்: "எதையும் முழுசா படிக்காம பேசக்கூடாது. அதுக்கெல்லாம் கொஞ்சம் படிப்பு வேணும்."

அனுப்பி இரண்டு நிமிடத்தில் என் மாமா மகன் கைதட்டும் படம் ஒன்றைப் போட்டான். பத்து நிமிடத்தில் அண்ணன் குழுவை விட்டு வெளியேறினான்.

இங்க இடமில்ல, போங்க. நான் மறுபடியும் அதே வசனத்தைத்தான் சொல்லியிருந்தேன்.

*

ஜெயித்தவனுக்கு வரும் சந்தேகம் ஒன்று உண்டு. அண்ணனை மடக்கப் புரட்டிய பக்கங்களை அதன் பிறகு சும்மா படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கக் குடிலில் இருந்த ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள்.

முதலில் மாடும் கழுதையும். லூக்காவில் தீவனத் தொட்டிதான் இருக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதற்கு முன்னணை என்று பெயர். மிருகங்கள் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாடு தன் சொந்தக்காரனையும் கழுதை தன் எஜமானின் தொட்டியையும் அறியும் என்று ஏசாயா முதல் அதிகாரத்தில் வருவதை வைத்துப் பிற்காலத்தவர்கள் அவற்றைக் கொண்டுவந்து கட்டினார்கள். 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் வைக்கோல் பரப்பி, நிஜ மாட்டையும் நிஜ கழுதையையும் நிறுத்தி பூசை வைக்கச் செய்தார். நம் குடில்களுக்கெல்லாம் தாய்க்குடில் அதுதான். மரியாள் கழுதையில் ஏறி வந்ததும் பைபிளில் இல்லை.

பிறகு ராஜாக்கள். மத்தேயு அவர்களை ராஜாக்கள் என்று சொல்லவில்லை. மூன்று பேர் என்றும் சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார்கள். ரோமின் பழைய நிலத்தடிக் கல்லறை ஓவியங்களில் ஓர் இடத்தில் இரண்டு பேர், இன்னோர் இடத்தில் நான்கு பேர். சிரியக் கிறிஸ்தவ மரபில் பன்னிரண்டு பேர். கிரீடமும் ஒட்டகமும் ஏசாயா அறுபதாம் அதிகாரத்திலிருந்தும் எழுபத்திரண்டாம் சங்கீதத்திலிருந்தும் வந்தவை. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் பல நூற்றாண்டுகள் கழித்து.

அவர்கள் வந்தது தொழுவத்துக்கும் இல்லை. மத்தேயு தெளிவாக வீடு என்கிறார். ஏரோது அவர்களிடம் காலத்தை விசாரித்துவிட்டு இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறான் என்றால், அவர்கள் வந்து சேர்ந்தபோது குழந்தை நடக்கக்கூட ஆரம்பித்திருக்கலாம். மேய்ப்பர்கள் லூக்காவில் வருகிறார்கள். நட்சத்திரம் மத்தேயுவில் வருகிறது. இரு கூட்டமும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. குடிலில்தான் சந்தித்துக்கொண்டார்கள்.

பாட்டி பைபிளைத் தானாகப் படித்தவர் இல்லை. கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆனால் ராஜாக்களை டிவி மேல் நிறுத்திவைத்த விஷயத்தில் எங்கள் எல்லோரையும்விட அவர் மத்தேயுவுக்கு நெருக்கமாக இருந்திருக்கிறார்.

இன்னொன்றும் என்னைப் பிடித்து நிறுத்தியது. அந்த ராஜாக்கள் உண்மையில் யார்? கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் ஞானிகள். அண்ணன் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் சாஸ்திரிகள். மூலத்தில் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துப் பலன் சொல்பவர்கள். சுத்தமாகச் சொன்னால் சோசியர்கள். ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் பாட்டி ராகுகாலம் பார்ப்பார். அண்ணன் கல்யாணத்துக்குத் தேதி குறித்தபோது யாருக்கும் தெரியாமல் பக்கத்துத் தெரு ஐயாவிடம் பஞ்சாங்கம் பார்த்துவிட்டு வந்தார். அண்ணன் சபையில் அதெல்லாம் பாவம். எங்கள் ஃபாதரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் மத்தேயுவின் கதையில் வேறு நாட்டிலிருந்து, வேறு வழிபாட்டிலிருந்து, நாள் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு வந்தவர்கள்தான் முதலில் முழங்காலிடுகிறார்கள். வேதத்தைக் கரைத்துக் குடித்த எருசலேம் அறிஞர்கள் ஊர் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறார்கள்.

வசனம் தெரிந்தவர்கள் போகவில்லை. அதைப் படித்தபோது நான் என்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

*

கடைசியாகச் சத்திரம்.

லூக்கா பயன்படுத்தும் கிரேக்கச் சொல் கத்தாலுமா. விருந்தினர் தங்கும் அறை என்று பொருள் கொள்ளலாம். இயேசு கடைசி இராவுணவுக்குக் கேட்டு வாங்கும் மாடி அறைக்கும் லூக்கா இதே சொல்லைத்தான் போடுகிறார். நல்ல சமாரியன் கதையில் காசு கொடுத்துத் தங்கும் நிஜமான சத்திரம் ஒன்று வருகிறது. அதற்கு அவர் வேறு சொல் வைத்திருக்கிறார். அங்கே சத்திரக்காரனும் உண்டு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் சத்திரம் என்றே வந்துவிட்டதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

மத்திய கிழக்கில் பல வருடம் வாழ்ந்து கற்பித்த கென்னத் பெய்லி என்ற அறிஞர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துக் கிராம வீடு பெரும்பாலும் ஒரே அறை. குடும்பம் மேடான பகுதியில் படுக்கும். ராத்திரியில் ஆடுமாடுகளைப் பள்ளமான பகுதிக்குள் ஓட்டிவந்து கட்டுவார்கள். தீவனத் தொட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கும். சொந்த ஊருக்கு, சொந்தக்காரர்கள் இருக்கும் ஊருக்கு, நிறைமாதப் பெண்ணோடு வருகிற ஒருவனை யாரும் வெளியே நிறுத்தியிருக்க மாட்டார்கள். விருந்தினர் அறை ஏற்கெனவே நிறைந்திருந்தது. அதனால் குடும்பம் படுக்கும் இடத்திலேயே இடம் ஒதுக்கினார்கள் என்பது அவர் வாதம். எல்லா ஆய்வாளர்களும் இதை ஒத்துக்கொள்வதில்லை. குகை ஒன்றில் பிறந்தார் என்ற மரபும் இரண்டாம் நூற்றாண்டிலேயே இருக்கிறது.

இதை நான் பாட்டியிடம் போனில் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"இதுல என்னா இருக்கு? உங்கப்பன் பொறந்தப்ப லயத்து வீட்டுல எத்தன பேர்னு நெனக்கிற? எங்க நாத்தனார் குடும்பம் வந்து முன்னறையில படுத்திருந்துச்சி. ஆம்பளைங்க அஞ்சடியில. நான் அடுப்படியில. மழைன்னு ஆட்டையும் உள்ளதான் கட்டியிருந்தோம். எடமில்லன்னா என்னா, ஒதுங்கிப் படுத்தா எடம்தான்."

நான் ஒரு முழு வருடம் படித்துக் கண்டுபிடித்ததைப் பாட்டி ஒரு பிரசவத்தில் தெரிந்துவைத்திருந்தார்.

நம் பண்டிகையில் சேர்த்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். விட்டதைப் பற்றிப் பேசுவது குறைவு. மரியாள் பாடும் பாட்டில் அதிகாரத்தில் இருப்பவர்கள் இறக்கப்படுகிறார்கள், பசித்தவர்கள் நிறைவாகிறார்கள், பணக்காரர்கள் வெறுங்கையோடு போகிறார்கள். அது எந்த வாழ்த்து அட்டையிலும் இல்லை. சிமியோன் என்ற கிழவர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒரு வாள் உன் உள்ளத்தை உருவிப் போகும் என்ற பொருளில் தாயிடம் சொல்கிறார். குழந்தைகள் கொல்லப்படுகிறார்கள். டிசம்பர் 28 அவர்களுக்கான நாள் என்று திருச்சபை நாட்காட்டியில் இருக்கிறது, ஆனால் அன்று நாம் மிச்சக் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓடுகிறது. கோலாலம்பூரில் நான் இருந்த அடுக்குமாடியில் மியான்மாரிலிருந்து வந்த சின் இன அகதிக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களும் கிறிஸ்தவர்கள். டிசம்பரில் ஒரே வீட்டில் இருபது பேர் உட்கார்ந்து பாடுவார்கள், கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை விளக்க அதற்கு மேல் எனக்குப் பிரசங்கம் தேவைப்படவில்லை.

இவற்றையெல்லாம் அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. உன் பக்கமும் சரி, என் பக்கமும் சரி, இரண்டு பேருமே முக்கியமானதை விட்டுவிட்டோம் என்று. சொல்லவில்லை. அவன் நம்பர் கையில் இருந்தது. கூப்பிடவில்லை.

*

பாட்டி 2019 ஆகஸ்டில் இறந்தார். அண்ணன் வந்தான். பெட்டியின் ஒரு மூலையை அவன் பிடித்தான், இன்னொரு மூலையை நான் பிடித்தேன். பேசிக்கொள்ளவில்லை.

சாங்கியம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மக்சிக் என் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் சொன்னார். "உங்க பாட்டிக்கு அந்தப் பெரிய பேரன்தான் உசுரு. வருசா வருசம் ஜனவரியில தவறாம வருவானே."

எனக்குப் புரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கணக்கு சேர்ந்தது. ஜனவரி முதல் வாரத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அம்மா கேண்டீன் வேலைக்குப் போய்விடுவார். அப்பா ஜாகா வேலைக்கு. நான் கோலாலம்பூரில். ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அண்ணன் மோட்டாரில் வந்திருக்கிறான். 2013 தொடங்கி எல்லா வருடமும்.

கிறிஸ்மஸுக்குச் சுட்ட அச்சு முறுக்கில் ஒரு பிஸ்கட் டின் நிறைய எடுத்துப் பாட்டி தன் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "யாருக்கு பாட்டி?" என்று கேட்டால், "ராஜாங்க இன்னும் வரலயே" என்பார். அவர் விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவன் வரும்போது குடில் அங்கேயேதான் இருந்திருக்கும். பாட்டி அதைப் பொங்கல் வரைக்கும் கலைக்க மாட்டார். குடில் இருக்கும் வீட்டுக்கு வரமாட்டேன் என்றவன் அதைத் தாண்டித்தான் பாட்டியின் அறைக்குப் போயிருக்க வேண்டும். பாட்டி அவனிடம் வாதாடியிருக்க மாட்டார். அவனும் பிரசங்கம் செய்திருக்க மாட்டான். அப்படித்தான் நினைக்கிறேன். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

பாட்டி போன பிறகு குடிலை நான்தான் வைக்கிறேன். இது பைபிளில் இல்லை என்று தெரிந்தேதான் வைக்கிறேன். ஒன்பது வயதில் தெரியாமல் நம்பியதைவிட இப்போது தெரிந்து வைப்பதுதான் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. இதில் எந்த வரி மத்தேயுவுடையது, எந்த வரி பிரான்சிசுடையது, எந்த வரி பாட்டியுடையது என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியும். பிரித்துச் சொல்ல முடிவதால் எதையும் தூக்கி எறியத் தோன்றவில்லை. சத்திரத்தை மட்டும் வைப்பதில்லை.

போன ஜனவரி ஆறாம் தேதி விடுமுறை எடுத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணிக்குப் போனேன். அம்மா சுட்ட அச்சு முறுக்கை அதே டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். மத்தேயுவில் அவர்கள் போனது வீட்டுக்குத்தான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். அண்ணன் மகள்தான் திறந்தாள். என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். "அப்பா, சித்தப்பா வந்துருக்காரு" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

அண்ணன் கைலியோடு வந்தான். மீசை நரைத்திருந்தது. டின்னைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. உட்காரச் சொன்னான். அண்ணி டீ போட்டார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். "அண்ணே, 2014ல நான் குரூப்புல போட்ட மெசேஜ்..."

"அந்தப் போனே போயிருச்சிடா" என்றான். "முறுக்க எடு."

ஒன்றைக் கடித்துவிட்டுப் பாட்டி சுட்டது மாதிரி இல்லை என்றான். நானும் இல்லை என்றேன். ரொம்ப நேரம் வேலை, சம்பளம், பெட்ரோல் விலை என்று பேசினோம். கிறிஸ்மஸ் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. அவன் வீட்டுச் சுவரில் ஒரு வசன அட்டை மட்டும்தான் இருந்தது. நட்சத்திரமில்லை, மரமில்லை. அவன் மாறவில்லை. மாற வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தான். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"குடில் வச்சியா?"

"வச்சேன்ணே."

கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புலி இருக்கா?" என்றான்.